வேப்பங்கொட்டைக் கரைசல் அடித்தும் பூச்சி சாகவில்லையே?

கேள்வி: ஒரு ஏக்கரில் வெண்டை போட்டிருக்கிறேன். வேப்பங்கொட்டைக் கரைசல் அடித்து மறுநாள் பார்த்தால் புழு அப்படியே உயிரோடு இருக்கிறது. இலை நரம்பும் மஞ்சளாகிறது. மருந்தே கடையில் வாங்கிவிடலாமா?
– வாசகர், ஒட்டன்சத்திரம்

பதில்: அவசரப்படாதீங்க. வேம்பில் உள்ள அசாடிராக்டின் பட்டென்று கொல்லும் விஷம் இல்லை, தின்ன விடாமல் தடுக்கும், புழு தோலுரித்து வளர்வதைக் கெடுக்கும், அதனால் பலன் தெரியச் சில நாள் ஆகும். மறுநாள் செத்த புழுவை எண்ணாமல் புதுத் தளிரில் கடி குறைகிறதா என்று பாருங்கள். முட்டையும் இளம்புழுவுமாக இருக்கும்போதே அடிக்கணும், பெரிய புழுவிடம் இது அவ்வளவாகச் செல்லாது.

100 லிட்டர் கரைசலுக்கு 5 கிலோ வேப்பங்கொட்டைப் பருப்புத்தூள் வேண்டும். 10 லிட்டர் தண்ணீரில் ராத்திரி முழுக்க ஊறவைத்து, காலையில் துணியில் வடிகட்டி, மீதித் தண்ணீர் சேர்த்து, கடைசியில் காதி சோப் கரைசல் கலக்குங்கள், இல்லையென்றால் இலையில் ஒட்டாமல் வழிந்துவிடும். பூசணம் பிடித்த பழைய கொட்டை வேண்டவே வேண்டாம். வெயில் பட்டால் வீரியம் போய்விடும் என்பதால் சாயங்காலம்தான் தெளிக்கணும், காலையில் பூவுக்கு வரும் தேனீக்கும் அது நல்லது.

அப்புறம், அந்த மஞ்சள் வேற கதை. அது வெள்ளை ஈ பரப்பும் நரம்புத் தேமல் வைரஸ், எந்த மருந்துக்கும் (கடை மருந்துக்கும்தான்) ஆறாது. அந்தச் செடிகளைப் பிடுங்கி அழித்துவிட்டு, மஞ்சள் ஒட்டுப்பொறி வைத்து, மற்றவற்றுக்கு வேம்பைத் தொடருங்கள்.