மெமோவுக்குப் பயந்த டிப்போ: பேருந்து, ரயில் பாதுகாப்பு பற்றிக் கேள்வி பதில்

பொதுப் போக்குவரத்து நிறுவனம் ஒன்றில் பாதுகாப்பு விதிகள், ஓட்டுநர் பயிற்சி, பயணிகளுக்கான அறிவிப்புகள் ஆகிய மூன்றையும் கவனித்து ஓய்வு பெற்றவள் நான். இந்த மூன்றில் கேளுங்கள். டிக்கெட் விலை, ரூட் மாற்றம், பாஸ் புதுப்பிப்பு வேண்டாம். ஒன்றை மட்டும் கேட்காமலே சொல்லிவிடுகிறேன்: பஸ்ஸை விட்டு இறங்கியதும் அதே பஸ்ஸுக்கு முன்னால் சாலையைக் கடக்காதீர்கள். முகப்புக்கு மிக அருகில் குட்டையான ஆளோ குழந்தையோ நின்றால் ஓட்டுநருக்குத் தெரியாது.

பிரியதர்ஷினி, அம்பத்தூர்: மேடம், எம்பிஏ படிக்கிறேன். பாதுகாப்புப் பிரிவின் தலைவர் என்றால் உண்மையில் என்ன வேலை? விபத்து நடந்த இடத்துக்குப் போய் அறிக்கை எழுதுவதா?

அதுவும் உண்டு. ஆனால் அங்கே போய் நிற்கும்போது நாம் செய்திருக்க வேண்டிய வேலைக்கு நேரம் கடந்துவிட்டது என்று அர்த்தம். நடக்கவிருந்து நடக்காமல் போனதைத் தெரிந்துகொள்வதுதான் முக்கிய வேலை. பிரேக் ஒரு பக்கமாக இழுக்கிறது, பின்கதவு இரண்டாவது தடவைதான் மூடுகிறது, அந்தத் திருப்பத்தில் கேபிள்காரன் நட்ட கம்பம் கண்ணாடியை உரசுகிறது. இதெல்லாம் டிப்போ வாசல் டீக்கடையில் தினமும் பேசப்படும். டிப்போவின் பழுதுப் புத்தகத்தில் மட்டும் ஏறாது. எழுதினால், "உன் வண்டியை நீ ஏன் ஒழுங்காக ஓட்டவில்லை" என்று எழுதியவருக்கே மெமோ வரும்.

அதனால் முதலில் எழுத வேண்டிய விதி, தானாக வந்து சொல்பவருக்குத் தண்டனை கிடையாது என்பது. குடித்துவிட்டு ஓட்டியது, போன் பேசியது, வேண்டுமென்றே செய்தது ஆகியவற்றுக்கு விலக்கு இல்லை. பிரிட்டனில் 1996-இல் ரயில் ஊழியர்களுக்காக ஒரு ரகசியப் புகார் முறையைத் தொடங்கினார்கள். ஊழியர் சொல்வதை நிர்வாகத்துக்கு வெளியே உள்ள ஓர் அமைப்பு வாங்கி, பெயரை நீக்கி, நிறுவனத்துக்கு அனுப்பும். நம் ஊரில் அவ்வளவு தூரம் போக வேண்டாம். சொன்னவருக்கு ஒரு வாரத்தில் பதில் போனாலே போதும். "கம்பத்தை எடுக்கச் சொல்லிக் கடிதம் போயிருக்கிறது" என்று ஒரு வரி. அது போகாவிட்டால் அடுத்த தகவல் வராது.

இன்னொன்று, பாதுகாப்பு அதிகாரி யாருக்குக் கீழே இருக்கிறார் என்று பாருங்கள். டைமிங்கும் கலெக்ஷனும் பார்க்கிற அதிகாரிக்குக் கீழே இருந்தால் அவர் அலங்காரப் பொம்மை. இந்தியாவில் ரயில் பாதுகாப்பு ஆணையம் ரயில்வே அமைச்சகத்தில் இல்லை, விமானப் போக்குவரத்து அமைச்சகத்தில் இருக்கிறது. கேட்டால் எல்லாரும் சிரிப்பார்கள். ரயிலை ஓட்டுகிறவர்களின் கைக்கு எட்டாத இடத்தில் வைத்திருப்பதுதான் அதில் விஷயம். மெட்ரோ தடமும் பாதுகாப்பு ஆணையர் வந்து பார்க்காமல் திறக்கப்படாது.

செந்தில், பல்லாவரம்: என் மகனிடம் ஹெவி லைசென்ஸ் இருக்கிறது. டிரைவர் வேலைக்கு எப்போது ஆள் எடுப்பார்கள்?

என் துறை இல்லை. அரசு அறிவிப்பைப் பாருங்கள். "வாங்கித் தருகிறேன்" என்று பணம் கேட்பவரிடம் போகாதீர்கள்.

ஹரி, அண்ணா நகர்: ஜப்பான் ரயில் ஓட்டுநர்கள் சிக்னலைக் கையால் காட்டி வாயால் சொல்கிற வீடியோ பார்த்தேன். சும்மா ஸ்டைலா?

ஸ்டைல் இல்லை. கண், கை, வாய், காது நான்கும் ஒரே விஷயத்தில் நிற்கும்போது பழக்கதோஷத்தில் கை தானாகப் போவது குறைகிறது. 1994-இல் ஜப்பான் ரயில் ஆராய்ச்சி நிறுவனம் ஒரு சோதனை நடத்தியது. எளிய வேலைகளில் தவறுகள் ஏறக்குறைய 85 சதவீதம் குறைந்தன. நம் ஆட்களுக்குச் சொல்லிக்கொடுத்தால் முதல் வாரம் வெட்கப்படுவார்கள். பயிற்சியாளரே முதலில் சத்தமாகச் செய்து காட்டினால் வெட்கம் போய்விடும். பஸ்ஸிலும் செய்யலாம்: இடது கண்ணாடி, கதவு, வலது கண்ணாடி, பிறகு கியர்.

முருகானந்தம், திருவொற்றியூர்: தண்டிக்காமல் விட்டால் டிரைவருக்கு எப்படிப் பயம் வரும்? நாலு பேரை சஸ்பெண்ட் செய்தால் மற்றவர்கள் திருந்துவார்கள்.

அதே ஜப்பானிலிருந்து பதில் சொல்கிறேன். 2005 ஏப்ரல் 25, அமகசாகி. ஓட்டுநருக்கு 23 வயது. முந்தைய நிலையத்தில் நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய், பின்னால் வந்து, ஒன்றரை நிமிடம் தாமதம். தாண்டிய தூரத்தைக் குறைத்துச் சொல்லும்படி நடத்துநரிடம் கேட்டார். அந்த நடத்துநர் கட்டுப்பாட்டு அறையோடு பேசுவதைக் காதில் வாங்கிக்கொண்டே வளைவை நெருங்கியிருக்கிறார். 70 கிலோமீட்டரில் திரும்ப வேண்டிய வளைவில் 116-இல் போனார். ரயில் ஒரு குடியிருப்புக் கட்டடத்தில் மோதியது. ஓட்டுநரோடு சேர்த்து 107 பேர் இறந்தார்கள். அந்த நிறுவனத்தில் தவறு செய்தவரை "மறுபயிற்சி"க்கு அனுப்புவார்கள். நாள் முழுக்க உட்கார்ந்து தன்னைத் திட்டி அறிக்கை எழுத வேண்டும், எல்லார் முன்னாலும் அவமானப்பட வேண்டும். அவர் ஏற்கெனவே போய் வந்தவர். அந்தப் பயம் அவர் கவனத்தைத் தின்றிருக்கும் என்று விசாரணை அறிக்கையே சொன்னது.

பயம் வந்ததா என்று கேட்டீர்கள். வந்தது சார்.

ஷபானா, ராயப்பேட்டை: மெட்ரோ சுரங்கத்தில் நின்றுவிட்டால் "தொழில்நுட்பக் கோளாறு, சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்பதையே திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். வேறு ஒன்றும் தெரியாதா?

நல்ல கேள்வி. எந்த நிறுவனமாக இருந்தாலும் அந்த வாக்கியத்தை எழுதுகிறவர் நிறுவனத்தின் மானத்தைக் காக்க எழுதுகிறார். உள்ளே நிற்கிற பயணிக்கு மூன்று விஷயம் வேண்டும். எனக்கு ஆபத்தா? நான் என்ன செய்ய வேண்டும்? அடுத்து எப்போது சொல்வீர்கள்? "முன்னால் உள்ள நிலையத்தில் ஒரு ரயில் நிற்கிறது. நம் ரயிலில் கோளாறு இல்லை, விளக்கும் காற்றும் இருக்கும். கதவைத் தொடாதீர்கள். ஐந்து நிமிடத்தில் மறுபடி பேசுகிறேன்." இதை முதல் நிமிடத்திலேயே சொல்ல வேண்டும். ஐந்தாவது நிமிடத்தில் புதிதாக ஒன்றும் இல்லாவிட்டாலும், இல்லை என்று சொல்லவாவது பேசியாக வேண்டும். மௌனமாக இருந்தால் யாராவது ஒருவர் அவசரக் கைப்பிடியைப் பிடித்து இழுப்பார். சென்னை மெட்ரோவில் தலைக்கு மேலே 25,000 வோல்ட் ஓடுகிறது. தடத்தில் இறங்கினால் மீட்பு வேலை இரண்டு மடங்காகிவிடும்.

ஓட்டுகிறவர்களுக்கு இதைப் பயிற்சியில் மைக்கைக் கையில் கொடுத்துப் பேச வைக்க வேண்டும். எழுதிக்கொடுத்த தாளைப் படிக்கிற குரலைப் பயணி நம்ப மாட்டார்.

கௌசல்யா, மேடவாக்கம்: காலையில் மாணவர்கள் படியில் தொங்குவதைப் பார்த்தால் வயிறு கலங்குகிறது. எல்லா பஸ்ஸிலும் தானியங்கிக் கதவு போட்டால் தீர்ந்ததே?

பாதி தீரும். 2012 டிசம்பரில் பெருங்குடியில் படியில் நின்ற நான்கு மாணவர்கள் இறந்தார்கள். 2018 ஜூலையில் பரங்கிமலையில் மின்சார ரயிலில் தொங்கியவர்கள் தடத்தோரச் சுவரில் அடிபட்டார்கள். கதவு இருந்திருந்தால் இரண்டுமே நடந்திருக்காது. மூடாமல் வண்டி நகராதபடி இணைப்பும் வேண்டும். அந்த இணைப்பைக் கழற்றிவிடாமல் பார்த்துக்கொள்வது தனி வேலை.

குமரேசன், வடபழனி: நான் ஓய்வு பெற்ற நடத்துநர். மேடம், நீங்கள் ஆபீஸில் இருந்து பேசுகிறீர்கள். கதவை மூடினால் மூன்று ஸ்டாப்பில் ஆளை விட்டுவிட்டுப் போக வேண்டும். அடுத்த வண்டி எப்போது வருமோ. கல் யார் மேல் விழும்? மூடாவிட்டால் மெமோ, மூடினால் கல்.

ஒரு மாணவன், வியாசர்பாடி: உள்ளே இடம் இருந்தால் நாங்கள் ஏன் தொங்குகிறோம்? கண்டக்டர் சீட்டில் உட்கார்ந்தபடியே "பாஸ் பண்ணு, உள்ளே போ" என்றால் யார் போவார்கள்? எழுந்து வரச் சொல்லுங்கள்.

குமரேசன், வடபழனி: தம்பி, எழுந்து வந்தவனை நீங்கள் என்ன செய்வீர்கள் என்று எனக்குத் தெரியும். உள்ளே நாலு சீட் காலியாக இருந்தபோதும் தொங்கினவர்கள் உண்டு. அதெல்லாம் கெத்து.

ஒரு மாணவன், வியாசர்பாடி: நாலு சீட் காலியா? எட்டு மணி வண்டியிலா? எந்த வருஷம் அண்ணே?

இருவரும் கொஞ்சம் நில்லுங்கள். குமரேசன் ஐயா, சட்டம் உங்களையும் அவனையும் சேர்த்தே பிடிக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 123-ஆவது பிரிவு, படியில் ஆளை ஏற்றிச் செல்வதையும் தடுக்கிறது, படியில் பயணம் செய்வதையும் தடுக்கிறது. ஆனால் விசில் உங்கள் கையில் இருந்தும் அதிகாரம் இல்லை என்று நீங்கள் சொல்வது உண்மை. "படி காலியாகும்வரை ரைட் கொடுக்க மாட்டேன்" என்று வண்டியை நிறுத்தி வைத்த நடத்துநரிடம் அன்று மாலை டைமிங் ஏன் போனது என்று விளக்கம் கேட்கக் கூடாது. இது பயிற்சி வகுப்பில் சொல்லித் தருகிற விஷயமே இல்லை, மேலதிகாரி கையெழுத்துப் போட்டுத் தர வேண்டிய விஷயம்.

தம்பி, கெத்தும் உண்டு, நெரிசலும் உண்டு. எட்டு மணிக்கு எந்த ஸ்டாப்பில் எத்தனை பேர் என்பது டிரிப் ஷீட்டைப் பார்த்தாலே தெரியும். கல்லூரி மணி அடிப்பதற்கு முந்தைய அரை மணிக்கு இரண்டு வண்டிகளை நகர்த்தி வைப்பது, படியைப் பற்றி நூறு போஸ்டர் ஒட்டுவதைவிட மேல்.

குமரேசன், வடபழனி: அந்தக் கையெழுத்தை நான் சர்வீஸில் பார்த்ததே இல்லை மேடம். அது வந்தால் நானே கதவை மூடச் சொல்வேன்.

சரி, இந்த இடத்தில் நாம் மூவரும் ஒரே கட்சி.

லோகேஷ், போரூர்: படிக்கட்டு பயணத்தை ஒழிக்க அரசு என்ன செய்ய வேண்டும்?

மேலே இருக்கிறது.

விஜி, ஆவடி: மின்சார ரயிலிலும் கதவு வைக்கலாமா?

வைக்கலாம். 2025 ஏப்ரலில் கடற்கரை–செங்கல்பட்டு தடத்தில் வந்த ஏசி ரயிலில் தானியங்கிக் கதவு இருக்கிறது. ஏசி இல்லாத பெட்டியில் கதவை மூடினால் காற்றுக்கு வழி செய்ய வேண்டும், சிக்கல் அங்கேதான்.

சரவணன், கிண்டி: புட்போர்டு அடிக்கும் பசங்களை போலீஸில் பிடித்துக் கொடுத்தால்...

மேலே மேலே. கதவு, படி, பசங்க பற்றி இனிமேல் பதில் இல்லை. இறங்கினால் பஸ்ஸுக்கு முன்னால் கடக்காதீர்கள், இதையாவது யாராவது கேட்டிருக்கலாம்.

மாலதி, குரோம்பேட்டை: சடன் பிரேக்கில் அம்மா பஸ்ஸுக்குள் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. இழப்பீடு கிடைக்குமா?

வழக்கறிஞரைப் பாருங்கள், தள்ளிப் போடாதீர்கள். டிக்கெட்டையும் மருத்துவமனைச் சீட்டையும் பத்திரமாக வையுங்கள். இதில் என் பங்கு ஒன்று உண்டு: எதிலும் மோதாமலே உள்ளே விழுந்து அடிபடுகிறவர்களைப் பல நிறுவனங்கள் விபத்துக் கணக்கில் சேர்ப்பதில்லை. 40 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு 11 மீட்டர் போகிறது வண்டி. முன்னால் இடைவெளி விட்டு ஓட்டினால் சடன் பிரேக்கே வேண்டியிருக்காது. வயதானவர் உட்காரும்வரை நகராதே என்பதையும் அப்படியே சொல்லித்தர வேண்டும்.

இளங்கோ, பெரம்பூர்: மழைக்காலத்தில் கணேசபுரம் மாதிரி சுரங்கப்பாதையில் தண்ணீர் நிற்கும்போது பஸ்ஸை இறக்குவதா வேண்டாமா என்று யார் முடிவு செய்வது? டிரைவரா, கட்டுப்பாட்டு அறையா?

வேண்டாம் என்று சொல்லும் உரிமை இருவருக்கும். இறங்கு என்று சொல்லும் உரிமை ஒருவருக்கும் இல்லை. தண்ணீருக்கு அடியில் பள்ளம் இருக்கிறதா, சாக்கடை மூடி கழன்றிருக்கிறதா என்பது சீட்டில் இருப்பவருக்கும் தெரியாது, திரையைப் பார்ப்பவருக்கும் தெரியாது. சுவரில் அளவுக்கோடு போட்டிருந்தால் அதைப் பார்க்கலாம், ஆனால் முன்னால் போன லாரி தப்பித்தது என்பதை அளவாக எடுக்கக் கூடாது. திரும்பிச் சுற்றிப் போனால் டீசல் கூடும், டிரிப் குறையும், கலெக்ஷன் பேட்டா, அதாவது வசூலைப் பொறுத்துக் கிடைக்கிற படி, போகும். அந்த பேட்டாவை அன்றைக்கு முழுசாகக் கொடுத்துவிட்டால் போதும், யாரும் பஸ்ஸைத் தண்ணீரில் இறக்க மாட்டார்கள்.

இளங்கோ, பெரம்பூர்: கொடுப்பார்களா?

அக்டோபருக்கு முன்னால் சுற்றறிக்கையாகக் கேட்டு வாங்க வேண்டும். மழை ஆரம்பித்த பிறகு கேட்டால் எல்லாரும் மழையில் இருப்பார்கள்.