யூத மதத்துக்குள் பன்மைத்தன்மையை வளர்க்கும் தலைவர்களை வகுப்பு நடத்தி உருவாக்க முடியுமா?

கேள்வியின் சாரம் இது: "யூதர்களுக்குள்ளேயே பல வழிபாட்டுப் பிரிவுகள் உண்டு. எல்லாவற்றுக்கும் சம மதிப்பு வேண்டும் என்று பேசக்கூடிய சமூகத் தலைவர்களை இஸ்ரேலில் பயிற்சி கொடுத்து உருவாக்குகிறார்களாம். இது நடக்கிற காரியமா, அல்லது நன்கொடைப் பணத்தைச் செலவழிக்க ஒரு வழியா?"

நடக்கிற காரியம்தான். நன்கொடைப் பணம் வீணாவதும் நடக்கிறது. நீங்கள் கேட்கிற தோரணையைப் பார்த்தால் ஏதோ தொண்டு நிறுவனத்துக்குத் திட்ட அறிக்கை எழுதுகிறவர் போலத் தெரிகிறது. "தலைமைத்துவ மேம்பாடு" என்ற தலைப்பில் ஐந்து நட்சத்திர ஓட்டலில் நடக்கும் கூட்டங்களைப் பார்த்துச் சலித்துப்போயிருப்பீர்கள். அந்தச் சலிப்பு நியாயமானது. ஆனால் நான் பார்த்தது வேறு மாதிரி.

நான் யூதப் பெண் இல்லை. இஸ்ரேல் பற்றி ஆராய்ச்சி செய்தவளும் இல்லை. கன்னியாகுமரி மாவட்டத்தில் சி.எஸ்.ஐ. குடும்பம். திருவனந்தபுரத்தில் நர்சிங் படித்துவிட்டு, எருசலேமில் ஒரு மூதாட்டியைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் சில ஆண்டுகள் இருந்தேன். "வேலைக்குப் போனவளுக்கு மத விவகாரம் என்ன தெரியும்" என்று கேட்கிறவர்கள் கேட்கட்டும். ஒரு வீட்டில் இரவு பகலாக இருப்பவளுக்கு அந்த வீட்டின் மதம் தெரியாமல் போகாது. இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்: பாலஸ்தீனர்களுக்கு நடப்பது பற்றி எனக்குத் தனியாகக் கருத்து உண்டு. இங்கே கேட்டிருப்பது யூதர்கள் தங்களுக்குள் ஒருவரையொருவர் எப்படி நடத்துகிறார்கள் என்பது. பதிலும் அதற்குத்தான்.

முதலில் சிக்கல் என்னவென்று தெரிய வேண்டும். 1947இல், நாடு உருவாகும் முன்பே, பின்னாளில் முதல் பிரதமரான பென் குரியன் அகுதத் இஸ்ரேல் என்ற அதிவைதீகக் கட்சிக்கு ஒரு கடிதம் எழுதினார். ஓய்வுநாள், உணவு விதி, திருமணம், கல்வி ஆகிய நான்கிலும் வைதீகர்களின் மனம் கோணாமல் பார்த்துக்கொள்வோம் என்பது அதன் பொருள். 1953இல் வந்த சட்டம் யூதர்களின் திருமணத்தையும் மணமுறிவையும் ராபிகளின் (யூத மதகுருக்களின்) நீதிமன்றத்திடம் ஒப்படைத்தது. அந்த ராபிகள் ஆர்த்தடாக்ஸ் எனும் வைதீகப் பிரிவினர் மட்டுமே. அமெரிக்காவில் பெரும் எண்ணிக்கையில் இருக்கும், மரபு விதிகளில் தளர்வு காட்டும் ரிஃபார்ம், கன்சர்வேட்டிவ் பிரிவு ராபிகள் இஸ்ரேலில் நடத்திவைக்கும் திருமணம் சட்டப்படி திருமணமே இல்லை. பதிவுத் திருமணமும் கிடையாது. ஆகவே ஜோடிகள் சைப்ரஸுக்கு விமானம் ஏறுகிறார்கள். அண்மைக் காலமாக அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் இணையவழியாகவே மணம் முடிக்கிறார்கள். அதையும் பதிவுசெய்தாக வேண்டும் என்று 2023இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. சோவியத் நாடுகளிலிருந்து வந்தவர்களில் தாய் யூதர் இல்லாததால் ராபிகள் யூதராக ஏற்காதவர்கள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். ராணுவத்தில் சேரலாம், வரி கட்டலாம், கல்யாணம் மட்டும் சொந்த நாட்டில் செய்துகொள்ள முடியாது. நான் இருந்த வீட்டிலேயே ஒரு பேரனின் திருமணம் சைப்ரஸில்தான் நடந்தது. அவன் கட்டிக்கொண்ட பெண்ணின் தாய் உக்ரைன்காரி.

இனி என் கதை. நான் பார்த்துக்கொண்ட அம்மச்சி கொச்சி யூதர். எர்ணாகுளத்தில் பிறந்து, 1950களில் குடும்பத்தோடு கப்பலேறிப் போனவர். கடைசிக் காலத்தில் ஹீப்ரு மறந்து மலையாளம் மட்டும் வாயில் நின்றதால்தான் மலையாளம் தெரிந்த ஆளைத் தேடினார்கள், நான் போனேன். அவர் மகளை நான் சேச்சி என்று கூப்பிடுவேன். பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவர். ஓய்வுக்குப் பிறகு இந்தச் சமூகத் தலைவர் பயிற்சியில் சேர்ந்தார்.

பயிற்சி என்றதும் மேடைப் பேச்சு, குழு விளையாட்டு என்றுதான் நானும் நினைத்தேன். அவர்கள் வகுப்பில் முக்கால்வாசி நேரம் படிப்புதான். இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து, யூதச் சட்ட விவாத நூலான தல்மூத்தில் ஒரு பத்தியை எடுத்து வைத்துக்கொண்டு சண்டை போடுவார்கள். உண்மையாகவே சண்டை. நான் புதினா போட்டுத் தேநீர் கொண்டுபோய் வைத்தால் அது ஆறிப்போகும்வரை யாரும் தொட மாட்டார்கள். சேச்சியின் ஜோடி பின்னல் குல்லா போட்ட ஒரு ஆர்த்தடாக்ஸ் இளைஞர், வயதில் மகன் மாதிரி. சேச்சிக்கோ கடவுள் நம்பிக்கையே அரைகுறை. இப்படி மத நம்பிக்கை உள்ளவரையும் இல்லாதவரையும் ஒரே மேசையில் உட்காரவைத்துப் படிக்கவைக்கும் முறை அங்கே 1989 வாக்கில் வேரூன்றியது. எருசலேமில் எலுல், வடக்கே ஒரானிம் கல்லூரியின் மித்ராஷா என்ற இரண்டு படிப்பு மையங்களும் அந்த ஆண்டில் தொடங்கியவை. 1995இல் பிரதமர் ராபினை ஒரு மதத் தீவிர இளைஞன் சுட்டுக்கொன்ற பிறகு, "நம் நூல்களை இவர்கள் கையில் மட்டும் விட்டுவிட்டோமே" என்ற பதைப்பு மதச்சார்பற்றவர்களுக்கு வந்தது. அதன்பின் இத்தகைய படிப்பு வீடுகள் பெருகின. எலுலைத் தொடங்கியவர்களில் ஒருவரான ரூத் கால்டரோன் 2013இல் நாடாளுமன்றத்தில் தன் முதல் உரையாகத் தல்மூத் கதை ஒன்றை வாசித்து விளக்கினார். அவையை நடத்திக்கொண்டிருந்த அதிவைதீகக் கட்சி உறுப்பினர் இடையில் தானும் விளக்கம் சொல்ல வந்துவிட்டார். சட்ட மசோதா எதுவும் அன்று நிறைவேறவில்லைதான். ஆனாலும் நூலைத் தெரிந்தவருக்கு அந்த நாட்டில் என்ன மரியாதை என்பது அதில் தெரியும்.

வகுப்பில் ஒருநாள், ஒவ்வொருவரும் தன் வீட்டிலிருந்து ஒரு சமய நூலைக் கொண்டுவர வேண்டும் என்றார்கள். போலந்து, மொராக்கோ, ஏமன் வீட்டார்களுக்குத் தாத்தாவின் பிரார்த்தனைப் புத்தகம் இருந்தது. சேச்சி அம்மச்சியின் தகரப் பெட்டியைத் திறந்து ஒரு நோட்டை எடுத்தார். கோடு போட்ட பழைய கணக்கு நோட்டு, ஓரமெல்லாம் பொடிந்திருந்தது, உள்ளே நெருக்கி எழுதிய மலையாள எழுத்து. கொச்சி யூதப் பெண்கள் கல்யாணத்திலும் பண்டிகையிலும் பாடிய மலையாளப் பாட்டுகள். அம்மச்சிக்குக் கண் தெரியாது, சேச்சிக்கு மலையாள எழுத்து தெரியாது. நான் எழுத்துக் கூட்டி வாசிக்க, அம்மச்சி ராகத்தைப் பிடித்துக்கொண்டு மீதியைப் பாட, சேச்சி ஹீப்ரு எழுத்தில் எழுதிக்கொண்டார். இரவு வெகுநேரம் ஆனது. அந்தப் பாடத்தில் எனக்கும் பங்கு உண்டு என்பதை எங்கே வேண்டுமானாலும் சொல்லிக்கொள்வேன்.

அடுத்த முறை குழு எங்கள் வீட்டில் கூடியபோது சேச்சி அம்மாவைப் பாடச் சொன்னார். அந்த ஆர்த்தடாக்ஸ் இளைஞருக்குத் தர்மசங்கடம். பெண் பாடுவதை ஆண் கேட்கக் கூடாது என்பது அவர் வளர்ந்த விதி. எழுந்து பால்கனிக்குப் போகலாமா என்று நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார். அம்மச்சிக்கு அது எப்படியோ தெரிந்துவிட்டது. "எங்கள் ஊரில் ஆண்கள் யாரும் எழுந்து போனதில்லை, உட்காரச் சொல்" என்றார். நான்தான் மொழிபெயர்த்தேன். அவர் உட்கார்ந்தார். கொச்சியில் பெண்கள் ஆண்கள் முன்னிலையில் பாடியதும், ஜெப ஆலயத்தில் ஹீப்ரு பாடல்களை உரக்கப் பாடியதும் ஆய்வாளர்கள் பதிவுசெய்திருக்கிற வழக்கம்தான். பன்மைத்தன்மை அமெரிக்காவிலிருந்து இறக்குமதியான சரக்கு என்று வைதீகர்கள் திட்டும்போது, "இல்லை, இது எங்கள் அம்மாவின் வழக்கம்" என்று சொல்ல ஒருவர் வேண்டும். அப்படிச் சொல்லத் தெரிந்தவரைத்தான் அந்த வகுப்பு தயார்செய்கிறது.

அம்மச்சி இறந்தபோது இதன் பலனைப் பார்த்தேன். அடக்கம் அவர்கள் கிராமத்து இடுகாட்டில். பெட்டி கிடையாது, வெள்ளைத் துணியில் சுற்றி ஸ்ட்ரெச்சரில் கொண்டுவந்தார்கள். அடக்கம் செய்ய வந்த குழுவின் மூத்தவர் "மகன் எங்கே?" என்று கேட்டார். மகன் இல்லை, இரண்டு மகள்கள். "அப்படியானால் காதிஷ் செபத்தை நான் சொல்லிவிடுகிறேன், பெண்கள் பின்னால் நில்லுங்கள்" என்றார். சேச்சி குரலை உயர்த்தவில்லை, விவாதமும் செய்யவில்லை. குழிக்கு அருகில் போய் நின்று தாளைக்கூடப் பார்க்காமல் அரமாயிக் மொழியில் தொடங்கிவிட்டார். காதிஷ் ஒருவர் மட்டும் சொல்லி முடிக்கிற செபம் இல்லை. கூடியிருப்பவர்கள் இடையிடையே "ஆமென்" சொல்ல வேண்டும். முதல் இடம் வந்தது. கிராமத்து ஆண்கள் தரையைப் பார்த்தார்கள். பின்னாலிருந்து பலமாக ஒரு "ஆமென்" வந்தது. அந்தப் பின்னல் குல்லா இளைஞர். அதற்குப் பிறகு மற்றவர்களால் வாயை மூடிக்கொண்டு நிற்க முடியவில்லை. அடுத்த இடத்தில் ஊரே சொன்னது. குழுவின் மூத்தவரும் சொன்னார், முனகலாகத்தான்.

இதை நான் பெண் விடுதலைக் கதையாகச் சொல்லவில்லை. அந்த இளைஞர் இன்றும் ஆர்த்தடாக்ஸ்தான், தன் ஜெப ஆலயத்தில் பெண்ணை முன்னே நிறுத்த மாட்டார். சேச்சிக்கு உரிமை உண்டு என்று மட்டும் ஒப்புக்கொண்டார். வகுப்பில் நீண்டகாலம் ஒரே மேசையில் சண்டை போடாமல் அந்த "ஆமென்" வந்திருக்காது. பிறகு அதே கிராமத்தில் இரண்டு குடும்பங்கள் தங்கள் பெண்பிள்ளைகள் மதப் பொறுப்பேற்கும் பத் மிட்ஸ்வா சடங்கை நடத்திக்கொடுக்கச் சேச்சியை அழைத்தன. பிறப்பு, சாவு, கல்யாணம் ஆகியவற்றில் கூட நிற்கிறவரைத்தான் ஜனம் தலைவர் என்று ஏற்கும். கருத்தரங்கில் பேசுகிறவரை ஏற்காது.

அம்மச்சி போனதும் என் கதியையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தம் இல்லை என்றாலும். அங்கே பராமரிப்பு வேலைக்கு வருகிறவருக்கு 63 மாதம் கெடு. அதைத் தாண்டினால் பார்த்துக்கொள்ளும் முதியவர் உயிரோடு இருக்கும்வரைதான் தங்கலாம். அவர் கண்ணை மூடினால் நாமும் மூட்டையைக் கட்ட வேண்டும், வேறு வீட்டுக்கு மாற முடியாது. துக்கத்துக்கு ஏழு நாள் அவர்கள் உட்கார்ந்திருக்க, நான் ஒரு பக்கம் விமான டிக்கெட் விலை பார்த்துக்கொண்டிருந்தேன். போகும்போது ஊரில் ஒரு ஏஜென்சிக்காரர் வாங்கிய லட்சங்களுக்கு ரசீதுகூடத் தரவில்லை, அந்தக் கடனுக்கு நகை இன்னும் வங்கியில் இருக்கிறது. "இஸ்ரேல் போனவளுக்கு என்ன குறை" என்று சர்ச்சில் கேட்கிற பெரியவர்களுக்கும் இதுவே பதில்.

சரி, கேள்விக்கு வருகிறேன். பயிற்சி இல்லாமலே தலைவர்கள் வந்ததில்லையா என்று கேட்பீர்கள். வந்திருக்கிறார்கள், ஆனால் காயம் பட்டுப் பட்டு. 1960களின் தொடக்கத்தில் தலைமை ராபி அலுவலகம் மும்பை பக்கத்துப் பெனே இஸ்ரேல் யூதர்களின் வம்சத்தைச் சந்தேகித்து, அவர்கள் திருமணத்துக்கு முன் பூர்வீகத்தை ஆராயச் சொன்னது. அவர்கள் எருசலேமில் மறியல் செய்தார்கள். 1964இல் நாடாளுமன்றமே அவர்கள் எல்லா வகையிலும் யூதர்களே என்று அறிவித்த பிறகுதான் ராபிகள் இறங்கிவந்தார்கள். அம்மச்சி அதைச் சொல்லும்போது இன்னும் கோபம் இருந்தது, தன் இனம் இல்லை என்றாலும்.

அதற்கும் முந்தைய கதை கொச்சியின் மட்டாஞ்சேரியில். அங்கே 1568இல் கட்டிய பரதேசி ஜெப ஆலயத்தில், அடிமைத்தளையிலிருந்து விடுவிக்கப்பட்டவர்களின் வழிவந்த யூதர்களுக்கு உள்ளே சரிசமமாக உட்கார உரிமை இல்லை, வேதநூலான தோராவை வாசிக்கவும் அழைக்க மாட்டார்கள். அந்தப் பிரிவில் பிறந்த ஏ.பி. சேலம் (நம் சேலத்துக்கும் அவருக்கும் தொடர்பு இல்லை) சென்னையில் சட்டம் படித்து வழக்கறிஞரானவர். காந்தியின் சத்தியாகிரகத்தை ஜெப ஆலயத்துக்குள் கொண்டுபோனார். யூத காந்தி என்றே பெயர் வாங்கினார். உரிமை கொஞ்சம் கொஞ்சமாக, பல ஆண்டுகளில்தான் கிடைத்தது. 1967இல் இறக்கும்வரை அவர் அந்த ஊரை விட்டுப் போகவில்லை. அவரைப் போன்ற ஒருவர் தானாக வரட்டும் என்று காத்திருந்தால் இரண்டு தலைமுறை போய்விடும். வகுப்பு நடத்துகிறவர்களுக்கு அந்தப் பொறுமை இல்லை, அதில் தப்பும் இல்லை.

வகுப்பால் ஆகாதவையும் உண்டு. யூதர்களின் புனிதத் தலமான எருசலேம் மேற்குச் சுவரில் பெண்கள் தோரா ஏந்தித் தொழ 1988 முதல் போராடுகிறார்கள். ஆணும் பெண்ணும் சேர்ந்து தொழும் இடத்துக்கு 2016 ஜனவரியில் அமைச்சரவை ஒப்புதல் கொடுத்து, அதிவைதீகக் கட்சிகள் முறைத்ததும் 2017 ஜூனில் கிடப்பில் போட்டது. கூட்டணிக் கணக்கின் முன்னால் பயிற்சி முடித்த தலைவர்கள் எத்தனை பேர் இருந்தும் பயனில்லை. ரிஃபார்ம், கன்சர்வேட்டிவ் பிரிவுகள் இஸ்ரேலில் நடத்தும் மதமாற்றத்தைக் குடியுரிமைக்கு ஏற்க வேண்டும் என்று 2021 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த மனுக்கள் 2005 முதல் காத்துக்கிடந்தவை.

ஆகவே உங்கள் திட்ட அறிக்கையில் பயிற்சிக்கு எவ்வளவு என்று எழுதுவதைவிட, பயிற்சி முடிந்தபின் சம்பளம் யார் தருவது என்ற வரியை முதலில் நிரப்புங்கள். கெசர் என்ற கிபுட்ஸில் (கூட்டுப் பண்ணைக் கிராமத்தில்) ராபியாக இருந்த மிரி கோல்டு என்ற ரிஃபார்ம் பெண், பக்கத்து ஊர் ஆர்த்தடாக்ஸ் ராபிக்கு அரசு தரும் சம்பளத்தைத் தனக்கும் கேட்டு 2005இல் நீதிமன்றம் போனார். 2012இல்தான் அரசு ஒப்புக்கொண்டது. அதுவும் சமய அமைச்சகம் வழியாக இல்லை, பண்பாடு, விளையாட்டு அமைச்சகம் வழியாக. சேச்சிக்கு ஓய்வூதியம் வந்தது, சமாளித்தார். அவர் கூடப் படித்த இளம் பெண்களில் பலர் இப்போது கணினி நிறுவனங்களில் வேலை பார்க்கிறார்கள்.