பிள்ளை ‘வேண்டாம்’ என்றால் வேண்டாம்தான்: வழக்கறிஞர் பதில்கள்

கேள்வி: நாலு வயது மகள். ஊருக்குப் போனால் ஆளாளுக்குத் தூக்கி முத்தம் கேட்கிறார்கள். நெளிகிறாள். ‘மரியாதை தெரியாத பிள்ளை’ என்கிறார் மாமியார்.

பதில்: வணக்கம் சொன்னாலே மரியாதைதான். ‘முத்தம் கொடுத்தால் சாக்லேட்’ என்ற பேரத்தை முதலில் நிறுத்தச் சொல்லுங்கள்; கெட்ட எண்ணத்தோடு வருகிறவனும் இதே பேரத்தைத்தான் பேசுவான். மகள் காதில் விழும்படியே, “அவளுக்கு இப்போ பிடிக்கலை அத்தை, அப்புறம் அவளே வருவா” என்று சொல்லிவிடுங்கள். அம்மா நம் பக்கம் என்று தெரிந்த பிள்ளைதான் நாளைக்கு வாயைத் திறக்கும். ‘குட் டச், பேட் டச்’ வகுப்பு வேண்டியதுதான். அதற்காகத் தன்னைக் காத்துக்கொள்ளும் பாரத்தை நாலு வயதின் தலையில் கட்டிவிட்டு நாம் சும்மா இருக்க முடியாது.

கேள்வி: பெண்கள் ராத்திரியில் சுற்றாமல் இருந்தாலே பாதிக் குற்றம் குறையாதா?

பதில்: குறையாது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, பாலியல் வன்புணர்வு வழக்குகளில் 90 சதவீதத்துக்கும் மேல் குற்றம்சாட்டப்பட்டவர் தெரிந்தவரே. உறவு, பக்கத்து வீடு, கூட வேலை செய்பவர்.

கேள்வி: அவள் கத்தவில்லை, காயமும் இல்லை. அப்படியென்றால் சம்மதம்தானே?

பதில்: நம் உச்ச நீதிமன்றமே ஒரு காலத்தில் இப்படித்தான் பேசியது. 1972இல் மகாராஷ்டிரத்தில், காவல் நிலையத்துக்குள்ளேயே மதுரா என்ற பழங்குடிச் சிறுமியிடம் இரண்டு போலீஸ்காரர்கள் அத்துமீறிய வழக்கு அது. காயமில்லை, எதிர்க்கவில்லை என்று 1978இல் இருவரையும் விடுவித்தார்கள். நாடு கொதித்தது, 1983இல் சட்டம் திருத்தப்பட்டது. காவலில் இருக்கும் பெண் ‘நான் சம்மதிக்கவில்லை’ என்று சாட்சி சொன்னால், நீதிமன்றம் சம்மதம் இல்லை என்றே அனுமானிக்க வேண்டும் என்றானது. 2013 திருத்தம் இன்னும் தெளிவு: ஐயத்துக்கு இடமின்றித் தானாக முன்வந்து தெரிவிப்பதே சம்மதம், எதிர்த்துப் போராடவில்லை என்பதற்காக மட்டும் அதைச் சம்மதமாக எடுக்கக் கூடாது. இப்போது பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்துக்கு வந்திருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 63ஆம் பிரிவிலும் அதுவே இருக்கிறது. பயத்தில் உடம்பு உறைந்துபோகும். உங்கள் வீட்டில் பையன் இருந்தால் இந்த ஒன்றைச் சொல்லி வையுங்கள்.

கேள்வி: நான் ஆசிரியை. ஒன்பதாம் வகுப்பு மாணவி சக ஆசிரியர் ஒருவரைப் பற்றி அழுதுகொண்டே சொன்னாள். ‘பள்ளி பெயர் கெட்டுவிடும், நாமே பேசித் தீர்ப்போம்’ என்கிறார் தலைமையாசிரியர்.

பதில்: பேசித் தீர்க்க அவருக்கு அதிகாரமே கிடையாது. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் 2012 போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி, விஷயம் தெரிந்தவர் யாராக இருந்தாலும் போலீஸில் சொல்லியே ஆகவேண்டும். மறைத்தால் ஆறு மாதம் வரை சிறை. தனக்குக் கீழே வேலை பார்ப்பவர் செய்ததை நிறுவனத் தலைவர் மறைத்தால் ஓராண்டு வரை. இதை அவரிடம் சொல்லிப் பாருங்கள். அவர் நகராவிட்டாலும் நீங்கள் இன்றே காவல் நிலையத்துக்குத் தகவல் கொடுங்கள். எப்படி என்று தடுமாறினால், குழந்தைகள் உதவி எண்ணான 1098இல் உதவுவார்கள். அவளைத் திரும்பத் திரும்பக் கேட்காதீர்கள், அவள் சொன்னதை அவள் வார்த்தையிலேயே எழுதி வையுங்கள். ஸ்டேஷனுக்கு அலைய வேண்டுமே என்று அவள் பயந்தால் சொல்லுங்கள்: வாக்குமூலத்தை அவள் வீட்டிலோ அவள் விரும்பும் இடத்திலோ, சீருடை இல்லாமல் வந்துதான் வாங்கவேண்டும்; கூடியவரை பெண் எஸ்.ஐ. வரவேண்டும்.