எனக்கு ஒத்துழைக்கிற சுகர் டாக்டரை எங்க தேடறது?

கேள்வி: அக்கா, எனக்கு 44 வயசு, டைப் 2 சுகர் வந்து நாலு வருஷம் ஆச்சு. அஞ்சு மாசமா மாவுச்சத்தை நல்லா குறைச்சு, தினமும் நடந்து, ஏ1சி (மூணு மாச சராசரி சுகர காட்டற டெஸ்ட்) 8.4ல இருந்து 6.9க்கு வந்திருக்கு. மாத்திரையைக் குறைக்கலாமான்னு கேட்டேன், டாக்டர் நான் எழுதி வச்சிருந்த நோட்டைத் திறந்துகூட பாக்கல, "இந்த வேகமெல்லாம் கொஞ்ச நாளைக்குத்தான், மாத்திரை வாழ்நாள் பூரா"ன்னுட்டார். என் வழிக்கு ஒத்துழைக்கிற டாக்டரை எப்படி கண்டுபிடிக்கிறது? இப்ப போடறது மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும். பி.கு: போன வாரம் ரெண்டு தடவ சாயங்காலம் கை நடுங்கி வேர்த்துடுச்சு, மீட்டர்ல 63 காட்டுச்சு, பசிதான்னு விட்டுட்டேன்.

பதில்: தம்பி, உங்க பி.கு.வப் படிச்சதும் எனக்கு பகீர்னு ஆயிடுச்சு, மொதல்ல அதப் பேசிடுவோம். 70க்குக் கீழ போனா அது லோ சுகர், வெறும் பசி இல்ல. கிளிமிபிரைடு கணையத்த இன்சுலின் சுரக்க வைக்கிற மாத்திரை, நீங்க கம்மியா சாப்பிட்டாலும் அது பாட்டுக்கு வேலை செய்யும், அதனால மாவுச்சத்தைக் குறைச்சுட்டு மாத்திரைய பழைய அளவுலயே போட்டுட்டிருந்தா சுகர் இப்படித்தான் இறங்கும். மெட்ஃபார்மின் தனியா போட்டா பெரும்பாலும் இப்படி ஆகாது. மறுபடி நடுங்குச்சுன்னா மூணு நாலு டீஸ்பூன் சர்க்கரைய தண்ணில கலந்து குடிங்க, 15 நிமிஷம் கழிச்சு திரும்ப டெஸ்ட் பண்ணுங்க, அப்பவும் 70க்குக் கீழ இருந்தா இன்னொரு தடவ குடிங்க. உங்க டாக்டருக்கு இன்னைக்கே போன் போட்டு "ரெண்டு தடவ லோ ஆச்சு, 63"ன்னு இந்த வார்த்தையிலயே சொல்லுங்க. மாத்திரையைக் குறைக்கலாமான்னு கேட்டப்ப அசையாதவர்கூட இந்த நம்பரைக் கேட்டா டோஸை யோசிப்பார், ஏன்னா இது கொள்கை சண்டை இல்ல, பாதுகாப்பு.

இப்ப உங்க கேள்வி. நீங்க பண்றது ஏதோ கிறுக்குத்தனம்னு யாரும் நெனைக்க வேண்டியதில்ல, அமெரிக்கன் டயபடீஸ் அசோசியேஷனே 2019ல சாப்பாடு பத்தி விட்ட அறிக்கைல, ரத்த சர்க்கரைய இறக்க மாவுச்சத்தைக் குறைக்கிறதுக்குத்தான் அதிக ஆதாரம் இருக்குன்னு சொல்லியிருக்கு. 2021ல நிபுணர்கள் கூடி, சுகர் மருந்த நிறுத்தி குறைஞ்சது 3 மாசம் ஏ1சி 6.5க்குக் கீழ நின்னா அத ரெமிஷன்னு சொல்லலாம்னு வரையறை பண்ணாங்க. எல்லாருக்கும் அது கிடைக்காது, கிடைச்சாலும் வருஷா வருஷம் டெஸ்ட் பண்ணிக்கிட்டேதான் இருக்கணும், ஆனா முயற்சி பண்றதுல ஒரு தப்பும் இல்ல.

ஆனா ஒன்னு, தலையாட்டற டாக்டரைத் தேடாதீங்க. எனக்கு அப்படி ஒருத்தர் கிடைச்சார், நான் என்ன சொன்னாலும் "சூப்பர், அப்படியே பண்ணுங்க"ன்னுவார், ரெண்டு வருஷம் சந்தோஷமா போயிட்டு வந்தேன், அந்த ரெண்டு வருஷத்துல யூரின்ல அல்புமின் (கிட்னி பாதிப்பைக் காட்டற புரதம்) பாக்கல, கண்ணுக்கு அனுப்பல, என் பாதத்த ஒரு தடவகூட தொட்டுப் பாக்கல, அதெல்லாம் வருஷத்துக்கு ஒரு தடவயாவது பாக்க வேண்டியதுன்னு எனக்கே அப்புறம்தான் தெரிஞ்சுது. இப்ப இருக்கவர் என்கிட்ட பாதி விஷயத்துல ஒத்துப்போக மாட்டார், ஆனா ஏன்னு சொல்வார், நான் சொல்றதையும் கேப்பார், எனக்கு அது போதும்.

அவரை எப்படி புடிச்சேன்னா, அப்பாயின்ட்மென்ட் கேக்கும்போதே "சாப்பாட்டை மாத்தி, மாத்திரைய படிப்படியா குறைக்க நெனைக்கிறேன், டாக்டர் அப்படிப்பட்ட பேஷன்ட்ட பாப்பாரா?"ன்னு கேட்டேன். மூணு எடத்துல ஒழுங்கா பதில் இல்ல, நாலாவது எடத்துல "எந்தெந்த மாத்திரை போடறீங்க?"ன்னு திருப்பி கேட்டாங்க. அந்த கேள்விதான் உங்களுக்கும் அடையாளம், ஏன்னா மாவுச்சத்து கம்மியா சாப்பிடறவங்களுக்கு மாத்திரை பேர் ரொம்ப முக்கியம், டபாக்ளிஃப்ளோசின் மாதிரி மருந்து போட்டா சுகர் நார்மலா இருக்கும்போதே கீட்டோஅசிடோசிஸ், அதாவது ரத்தத்துல அமிலம் ஏறுற ஆபத்தான நிலை, வர வாய்ப்பு இருக்கு, இன்சுலின் போடறவங்க அளவ தானா குறைக்கவே கூடாது.

நோட்டைப் பாக்கலன்னு வருத்தப்பட்டீங்கள்ல, எனக்கும் அது நடந்திருக்கு, வலிக்கும். ஆனா பத்து நிமிஷத்துல நாப்பது பக்கம் யாராலயும் படிக்க முடியாது தம்பி. நான் அடுத்த தடவ ஒரே ஒரு தாள் கொண்டு போனேன், ரெண்டு வாரத்து ரீடிங், வெறும் வயிறு, சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சுன்னு ரெண்டு வரிசை, 70க்குக் கீழ போனதெல்லாம் சிவப்புல வட்டம், கீழ மாத்திரை பேரும் மில்லிகிராமும். டாக்டர் பேனாவ எடுத்து விடியக்காலை நம்பர் மட்டும் வரிசையா ஏறியிருக்குன்னு கோடு போட்டுக் காட்டினார், மாசக்கணக்கா எழுதின நான் அத கவனிக்கவே இல்ல.

கேக்கும்போது "மாத்திரைய நிறுத்தலாமா?"ன்னு கேக்காதீங்க, "எந்த நம்பர் வந்தா எதைக் குறைப்பீங்க, ஏறினா எப்ப திரும்ப சேப்பீங்க?"ன்னு கேளுங்க. ஏ1சி சுமார் மூணு மாசத்து கணக்கு, அதனால ஒரு மாத்தம் பண்ணா அடுத்த மூணு மாசம் பொறுமையா பாக்கணும். பிரஷர், கொலஸ்ட்ரால் மாத்திரை இருந்தா அது வேற கணக்கு, இதோட சேத்து நீங்களா நிறுத்திடாதீங்க.

புது டாக்டர் அமையற வரைக்கும் பழையவர விட்டுடாதீங்க, லேப் ரிப்போர்ட் எல்லாத்துக்கும் காப்பி வாங்கி வச்சுக்குங்க, அந்த 63 கதைய இன்னைக்கு அவர்கிட்டதான் சொல்லணும்.