மருத்துவ இதழுக்கு அனுப்பும் கட்டுரையை 'ஃபார்மட்' செய்வது என்றால் என்ன?

செங்கோட்டையிலிருந்து திருவனந்தபுரம் போய் முதுநிலை மருத்துவம் படிக்கும் பிள்ளைகள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. ஆய்வுக் கட்டுரையை அந்த இதழ் கேட்கும் வரிசையிலும் வடிவத்திலும் அமைப்பதுதான் ஃபார்மட்டிங்.

பெரும்பாலும் முன்னுரை, செய்முறை, முடிவுகள், விவாதம் என்ற வரிசை. எதற்கு இந்தக் கெடுபிடி? அவசரத்தில் படிக்கும் மருத்துவர் 'எத்தனை நோயாளிகள், என்ன மருந்து' என்று தேடினால் நேரே செய்முறைக்குப் போய்விடலாம். கேரள எல்லையில் உள்ள புளியரை சோதனைச் சாவடியில் பூசணி லாரியை நிறுத்தினால் முதலில் காகிதத்தைத்தான் கேட்பார்கள், பூசணி எப்படி விளைந்தது என்று அல்ல. இதழ் அலுவலகமும் அப்படித்தான்.

மேற்கோள்கள், அதாவது நீங்கள் எடுத்தாண்ட பிற ஆய்வுகளின் குறிப்புகள்தான் பெரிய தலைவலி. 1978-இல் வான்கூவரில் கூடிய மருத்துவ இதழ் ஆசிரியர்கள் தொடங்கிவைத்த பாணியில், கட்டுரையில் முதலில் வரும் மேற்கோளுக்கு எண் 1, அடுத்ததற்கு 2. முன்னுரையில் புதிதாக ஒன்றைச் செருகினால் பின்னால் உள்ள எண்ணெல்லாம் நகரும். கையால் திருத்தாதீர்கள், ஸோட்டெரோ போன்ற இலவச மென்பொருள் பார்த்துக்கொள்ளும்.

அப்புறம், எழுதியவர் பெயரை மறைத்து மதிப்பிடும் இதழ் என்றால், உங்கள் பெயர் உள்ள முதல் பக்கத்தைத் தனிக் கோப்பாக வையுங்கள். பக்கத்தின் தலைப்பகுதியில் கல்லூரிப் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கும், அதையும் எடுத்துவிடுங்கள். நெறிமுறைக் குழு ஒப்புதலைச் செய்முறையில் எழுதுங்கள்.

வடிவம் சரியாக இருந்தால் கட்டுரையை ஏற்றுக்கொள்வார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, அதனால் கிடைப்பது வடிவத்தைக் காரணம் காட்டித் திருப்பி அனுப்பாமல் படிப்பார்கள் என்பது மட்டுமே.