அம்மாவுக்கு இடுப்பு எலும்பு முறிந்தது, எனக்கும் முறியுமா?

மதுரையைச் சேர்ந்த வாசகி ஒருவர் கேட்கிறார்: “எனக்கு வயது 50. மாதவிடாய் நின்று நான்கு ஆண்டுகள் ஆகின்றன. என் அம்மா 68 வயதில் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தபின் பழையபடி நடக்கவே இல்லை. இது பரம்பரையாக எனக்கும் வருமா? மரபணுப் பரிசோதனை செய்துகொள்ளலாமா? ஹார்மோன் மாத்திரை எடுத்தால் தடுக்க முடியுமா?”

மரபணுப் பரிசோதனைக்குச் செலவு செய்ய வேண்டாம். உங்களுக்குத் தேவை, குறைந்த அளவு எக்ஸ் கதிரால் எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன். அதற்கான காரணத்தை அறிந்துகொண்டால் மற்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை எளிதாகும்.

ஒருவருக்கொருவர் எலும்பு அடர்த்தியில் காணப்படும் வேறுபாட்டில் ஏறத்தாழ 50 முதல் 80 சதவீதம் வரை மரபு சார்ந்தது என்று இரட்டையர்களிடம் நடந்த ஆய்வுகள் காட்டுகின்றன. கேட்பதற்கு அச்சமூட்டும் எண்தான். ஆனால் மரபின் பெரும்பங்கு, 30 வயதுக்குள் நாம் எட்டும் உச்ச எலும்பு அடர்த்தியை நிர்ணயிப்பதிலேயே இருக்கிறது. மாதவிடாய் நின்றபின் எலும்பு எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்பதில் அதன் பிடி அவ்வளவு வலுவானதல்ல. மேலும், இது ஒரே ஒரு மரபணுவின் வேலையும் அல்ல. எல்.ஆர்.பி.5 என்ற மரபணு முற்றிலும் செயலிழந்தால் குழந்தைப் பருவத்திலேயே எலும்புகள் நொறுங்கும் என்பது உண்மை. அத்தகைய குடும்பங்கள் மிக அரிது. மற்றவர்களிடம், ஒவ்வொன்றும் மிகச் சிறிய விளைவுள்ள நூற்றுக்கணக்கான மரபணு மாறுபாடுகள் சேர்ந்தே வேலை செய்கின்றன. 1994-இல் வைட்டமின் டி ஏற்பியை (அந்த வைட்டமினை உயிரணுவில் பற்றிக்கொள்ளும் புரதத்தை) உருவாக்கும் மரபணு ஒன்றே எலும்பு அடர்த்தியைப் பெருமளவு தீர்மானிப்பதாக அறிவிக்கப்பட்டது. பின்னர் வந்த ஆய்வுகளில் அந்த விளைவு மிகவும் சுருங்கிவிட்டது. இரண்டு மூன்று மரபணுக்களை மட்டும் பார்த்து உங்கள் எலும்பின் எதிர்காலத்தைச் சொல்வதாக வரும் விளம்பரங்களை நான் ஐயத்துடன் பார்ப்பதற்கு இதுவே காரணம்.

உங்கள் அம்மாவின் முறிவு அதைவிடப் பயனுள்ள தகவல். நின்ற நிலையிலிருந்து விழுந்து முறிந்த எலும்பு பலவீனமான எலும்பு. பேருந்து மோதி முறிந்திருந்தால் இப்படிச் சொல்ல மாட்டேன். பெற்றோரின் இடுப்பு எலும்பு முறிவு, பிள்ளையின் எலும்பு அடர்த்தி எப்படி இருந்தாலும், முறிவு அபாயத்தைத் தனியாகவே கூட்டுகிறது. அதனால்தான் பத்தாண்டு முறிவு வாய்ப்பைக் கணக்கிட மருத்துவர்கள் பயன்படுத்தும் ‘ஃப்ராக்ஸ்’ கணக்கீட்டில் இதற்கென ஒரு கேள்வியே இருக்கிறது.

இனி ஹார்மோன். எலும்பு வாழ்நாள் முழுவதும் சிறிது சிறிதாக அரிக்கப்பட்டு, அதே இடத்தில் புதிதாகக் கட்டப்பட்டுக்கொண்டே இருக்கிறது. அரிக்கும் உயிரணுக்கள் அளவுக்கு மீறிப் பெருகாமலும் நீண்ட நாள் வாழாமலும் பார்த்துக்கொள்வது, சினைப்பையில் சுரக்கும் பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன். சினைப்பை ஓய்ந்து அது குறையும்போது அரிப்பு முந்திக்கொள்கிறது. கட்டுமானமும் கூடத்தான் செய்கிறது, ஆனால் ஈடுகொடுக்க முடிவதில்லை. கடைசி மாதவிடாய்க்கு ஏறக்குறைய ஓராண்டு முன்பே தொடங்கும் இந்த இழப்பு, அதன்பின் இரண்டு ஆண்டுகள் வரை மிக வேகமாக நடக்கிறது. முதுகெலும்பில் ஆண்டுக்குச் சுமார் 2 சதவீதம் வரையும் குறையலாம். பிறகு வேகம் தணிகிறதே தவிர, இழப்பு நிற்பதில்லை. ஈஸ்ட்ரோஜன் ஏற்பி மரபணு பழுதான ஓர் இளைஞரைப் பற்றி 1994-இல் வெளியான மருத்துவ அறிக்கை இன்றும் வியக்க வைக்கிறது: ஆண் ஹார்மோன் இயல்பாக இருந்தும் அவருக்கு எலும்பு அடர்த்தி மிகக் குறைவு. ஆணின் எலும்புக்கே ஈஸ்ட்ரோஜன் இவ்வளவு இன்றியமையாதது என்பது அதன்பிறகுதான் தெளிவானது.

ஆகவே, மரபு உங்களை எந்த உயரத்தில் நிறுத்தியது, ஹார்மோன் இழப்பு அதிலிருந்து எவ்வளவு இறக்கியது என்ற இரண்டின் கூட்டு விளைவையும் டெக்ஸா ஒரே அளவாகத் தந்துவிடுகிறது. முதுகெலும்பு, இடுப்பு இரண்டிலும் எடுக்கச் சொல்லுங்கள். டி-ஸ்கோர் (ஆரோக்கியமான இளம் வயதினரின் அடர்த்தியோடு உங்களுடையதை ஒப்பிடும் எண்) –2.5 அல்லது அதற்கும் கீழே இருந்தால் எலும்புப்புரை, –1-க்கும் –2.5-க்கும் இடையே இருந்தால் அடர்த்திக் குறைவு. உருவம் சிறிய பெண்களுக்கு இந்தக் கருவி அடர்த்தியை உள்ளதைவிடச் சற்றுக் குறைத்தே காட்டும் என்பதால், ஒற்றை எண்ணைக் கண்டு கலங்க வேண்டாம்.

ஹார்மோன் சிகிச்சை எலும்பைக் காக்கும் என்பதில் ஐயமில்லை. 2002-இல் வெளியான அமெரிக்காவின் பெரிய ஆய்வில் இடுப்பு முறிவு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. அதே ஆய்வில் மார்பகப் புற்றுநோயும் பக்கவாதமும் இரத்தக் கட்டிகளும் சற்றுக் கூடின. 60 வயதுக்குள், மாதவிடாய் நின்ற பத்தாண்டுகளுக்குள், உடல் வெப்பமேறி வியர்க்கும் தொல்லையும் இருப்பவருக்கு நன்மையே மிகுதி. அத்தொல்லை இல்லாமல் எலும்புக்காக மட்டும் என்றால், பெரும்பாலோருக்கு முதல் தேர்வாக நான் இதைச் சொல்ல மாட்டேன். நிறுத்தினால் பலனும் மறைந்துவிடும். 45 வயதுக்கு முன்பே மாதவிடாய் நின்றவர்களும், அந்த வயதுக்குள் சினைப்பைகள் அகற்றப்பட்டவர்களும் இதற்கு விலக்கு. உங்களுக்கு 46-இல் நின்றிருப்பதால் அந்த வகையில் வரமாட்டீர்கள்.

ஸ்கேனுடன் வைட்டமின் டி, கால்சியம், தைராய்டு, சிறுநீரகப் பரிசோதனைகளையும் செய்துகொள்ளுங்கள். தைராய்டு மாத்திரை தேவைக்கு அதிகமான அளவில் நீண்ட நாள் தொடர்வதும், மூட்டுவலிக்கோ ஆஸ்துமாவுக்கோ மாதக்கணக்கில் ஸ்டீராய்டு எடுப்பதும் எலும்பைக் கரைக்கும். இவை மரபின் பெயரில் மறைந்துபோகும் காரணங்கள். கால்சியம் நாளொன்றுக்கு 1,000 முதல் 1,200 மில்லிகிராம் தேவை. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் இருக்கிறது. பால், தயிர், முள்ளோடு உண்ணும் நெத்திலி ஆகியவற்றைச் சேர்த்தால் பலருக்கு மாத்திரையே தேவைப்படாது. முடிவு –2.5-க்குக் கீழே வந்தாலோ, ஃப்ராக்ஸ் கணக்கீடு அதிக அபாயம் என்று காட்டினாலோ, மருந்து தொடங்குவது பற்றி நாளமில்லாச் சுரப்பி மருத்துவரிடம் பேசுங்கள். அப்போது அம்மாவுக்கு எந்த வயதில், எப்படி விழுந்து முறிந்தது என்பதை மறக்காமல் சொல்லுங்கள்.