கையில் எடுத்துப் பழக எந்த ஊர்வன சரிவரும்?

கேள்வி: நாங்கள் ரொறன்ரோவில், ஸ்காபரோவில் இருக்கிறோம். 10 வயது மகளின் பாடசாலைக்கு ஒருநாள் விலங்குகள் கொண்டுவந்து காட்டினார்கள். அன்று ஒரு பியர்டட் டிராகனைக் கையில் வைத்திருந்தவள், அதிலிருந்து தனக்கும் ஒன்று வேண்டும் என்று விடாப்பிடியாக நிற்கிறாள். கண்ணாடிக்கு வெளியே நின்று பார்ப்பதற்கல்ல, தூக்கி வைத்திருப்பதற்கு வேண்டுமாம். கடையில் கேட்டால் எல்லாமே "நல்ல சாது" என்கிறார்கள். வீட்டில் 3 வயது மகனும் என் அம்மாவும் இருக்கிறார்கள். அம்மாவுக்குப் பாம்பு என்ற பேச்சே ஆகாது. எதை வாங்கலாம்?

பதில்: உங்கள் மகள் சரியானதைத்தான் பார்த்து ஆசைப்பட்டிருக்கிறாள். மனிதக் கையைப் பொறுத்துக்கொள்ளும் பல்லி இனங்களில் நானும் பியர்டட் டிராகனுக்கே முதலிடம் கொடுப்பேன். ஆனால் குட்டியாக வாங்காதீர்கள். ஒரு வயது தாண்டிய ஒன்றை, மகள் அதைக் கையில் வைத்துப் பார்த்த பிறகு வாங்குங்கள். மகனின் வயதும் ஒரு பிரச்சினை. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

கடைக்காரர் சொல்லும் "சாது" என்பதில் முதலில் ஒரு தெளிவு வேண்டும். நாயும் பூனையும் தடவிக்கொடுப்பதைத் தேடி வரும். ஊர்வன பெரும்பாலும் அப்படியல்ல. பழகினால் பொறுத்துக்கொள்ளும், அவ்வளவுதான். சில டிராகன்கள் கதவைத் திறந்ததும் கைக்கு ஏறி வரும் என்பது உண்மை. கை சூடாக இருப்பதும் அதற்கு ஒரு காரணம். ஆடாமல் அசையாமல் இருந்தால் அமைதியாக இருக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது. பயந்துபோன பல்லியும் அப்படித்தான் உறைந்துபோய் இருக்கும். உடம்பு விறைத்து, மூச்சு வேகமாகி, நிறம் கறுத்து, தடவும்போது கண்ணை இறுக மூடினால் அது சுகத்தில் கிறங்கவில்லை, எப்போது விடுவீர்கள் என்று காத்திருக்கிறது. இணையத்தில் "எவ்வளவு பாசம் பாருங்கள்" என்று சுற்றும் காணொளிகள் பலவற்றில் இதைத்தான் பார்க்கிறோம்.

அதனால் "எதைத் தூக்கலாம்" என்பதோடு, "போதும் என்பதை எது ஒரு பிள்ளைக்கு விளங்கும்படி காட்டும்" என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இதில் பியர்டட் டிராகன் கெட்டிக்காரன். கோபமோ பயமோ வந்தால் தாடியை ஊதிக் கறுப்பாக்கிக் காட்டும். வாயைப் பிளக்கும். ஒரு முன்னங்காலைத் தூக்கி மெதுவாக ஆட்டினால் "நான் சண்டைக்கு வரவில்லை" என்று பணிந்துபோகிறது என்று பொருள். மகள் நினைப்பதுபோல் அது கையசைத்து ஹலோ சொல்லவில்லை. 10 வயதுப் பிள்ளை இந்த அடையாளங்களைச் சில நாட்களிலேயே பிடித்துவிடும்.

அவுஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டுப் பகுதிகளில் வாழும் ஓணான் வகை இது. வளர்ந்தால் வாலோடு 45 முதல் 60 சென்ரிமீற்றர். நன்றாகப் பார்த்தால் பத்து வருடமோ அதற்கு மேலோ இருக்கும். பகலில் விழித்திருப்பதால் பாடசாலை விட்டு வரும் பிள்ளையோடு நேரம் ஒத்துப்போகும். உச்சந்தலையில் பேரியட்டல் கண் என்று ஒரு சிறு புள்ளி உண்டு. அதற்கு உருவம் தெரியாது, வெளிச்சமும் நிழலும் மாறுவது மட்டும் தெரியும். பருந்துக்குத் தப்ப உதவும் உறுப்பு. மேலிருந்து கையை இறக்கினால் எவ்வளவு பழகிய டிராகனும் திடுக்கிடுவது இதனால்தான். பக்கவாட்டில், அது பார்க்கும்படி கையைக் கொண்டுபோய், நெஞ்சுக்குக் கீழே விரல்களை நுழைத்து, நான்கு கால்களும் தாங்கும்படி தூக்க வேண்டும். இதற்காகவே மேலே மூடி திறக்கும் தொட்டியை விட்டுவிட்டு, முன்பக்கம் கதவுள்ளதை வாங்கச் சொல்கிறேன்.

தொட்டி என்றதும் செலவையும் சொல்லிவிட வேண்டும். விலங்கின் விலை சிறிது. 4 அடி நீளத் தொட்டி, வெயில் காய 40 பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடேற்றும் விளக்கு, யூவி-பி (வெயிலில் உள்ள புறஊதாக் கதிர்) தரும் குழல் விளக்கு, சூட்டைக் கட்டுப்படுத்தும் தேர்மோஸ்டாட் எல்லாம் சேர்ந்தால் அதைப்போலப் பல மடங்கு வரும். யூவி-பி இல்லாவிட்டால் கல்சியம் உடம்பில் சேராது, எலும்பு மென்மையாகி வளையும். அந்த நிலையில் உள்ள டிராகனைத் தூக்குவதே அதற்கு வலி. கடையில் "சாது" என்று காட்டப்படுவது சிலவேளை இப்படிச் சோர்ந்துபோன ஒன்றாக இருக்கும், கவனம். இன்னொன்று: கோடையில் பின்வளவில் பறக்கும் மின்மினியை மகள் பிடித்துப் போட்டுவிடக் கூடாது. அதிலுள்ள நஞ்சுக்கு ஒரே ஒரு மின்மினி போதும், டிராகன் செத்துவிடும்.

அவ்வளவு பெரிய தொட்டிக்கு இடமில்லை என்றால் அடுத்தது லெப்பர்ட் கெக்கோ. பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான் பக்கத்து வறண்ட நிலத்துப் பல்லி. 20 சென்ரிமீற்றர் அளவு, இமை உள்ள கண், சுவரில் ஏறாத கால். நம் வீட்டுப் பல்லியை நினைத்து அருவருப்பவர்கள்கூட இதை ஏற்றுக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். பொழுதுபட்ட பிறகுதான் சுறுசுறுப்பாகும் என்பதால் பின்னேரச் சாப்பாட்டுக்குப் பிறகு 10 நிமிடம் வெளியே எடுக்கலாம். ஒரு சிக்கல், வால். அதைப் பிடித்தாலோ மிகவும் பயமுறுத்தினாலோ வாலைக் கழற்றிவிட்டு ஓடும். மறுபடி வளரும், ஆனால் பழைய வடிவு வராது. வாலில்தான் கொழுப்பைச் சேமிக்கிறது என்பதால் உடம்பும் தளரும். பூச்சியைக் குறிவைக்கும்போதும் எரிச்சலாகும்போதும் வாலைத் தூக்கி மெல்ல அலைய விடும். அப்போது கையை எடுத்துவிட வேண்டும். அடக்கமான பிள்ளைக்கு நல்ல துணை. துள்ளிக் குதிக்கும் பிள்ளைக்கு டிராகனே மேல்.

கிரெஸ்டட் கெக்கோ பார்க்க அழகு. பழக்கூழ் மாவைத் தண்ணீரில் கரைத்து வைத்தாலே சாப்பிடும், கனடா வீட்டின் சாதாரண வெப்பநிலையே போதும், சூட்டு விளக்குச் செலவு குறைவு. ஆனால் முன்னறிவிப்பில்லாமல் தாவும். அது இழந்த வால் மறுபடி முளைக்கவே முளைக்காது. உங்கள் மகள் கேட்பதற்கு இது சரிவராது. நீலநாக்கு அரணை நன்றாகவே பழகும். கனமான, நிதானமான விலங்கு. விலையும் கூட, எடுத்த எடுப்பில் கிடைப்பதும் கடினம். கிடைத்தால் விடாதீர்கள்.

அம்மா மன்னிக்க வேண்டும், பாம்பைப் பற்றியும் நேர்மையாகச் சொல்லத்தான் வேண்டும். கையில் எடுப்பது மட்டுமே கணக்கென்றால் கோர்ன் ஸ்நேக்கும், பால் பைத்தன் (ball python) என்ற மலைப்பாம்பு வகையும் பெரும்பாலான பல்லிகளைத் தோற்கடிக்கும். கால் இல்லை, நகம் இல்லை, கழன்றுபோகும் வால் இல்லை. கையிலிருந்து கைக்கு மெதுவாக நகரும். கோர்ன் ஸ்நேக் குட்டியில் படபடக்கும், வாலை அதிரவைத்துப் பயமுறுத்தும், வளர வளர அடங்கும். பால் பைத்தன் பயந்தால் பந்துபோல் சுருண்டுவிடும்; மாதக் கணக்கில் சாப்பிடாமல் இருந்து வளர்ப்பவரை அழவைக்கும். தின்ற பிறகு இரண்டு நாளாவது தொடக் கூடாது, கக்கிவிடும். ஆனால் உறைந்த எலியை வாங்கி எங்கே வைப்பீர்கள்? வெள்ளிக்கிழமை மரக்கறி சமைக்கும் வீட்டின் ஃப்ரீசரில் எலி இருக்கும் என்றால், அம்மம்மாவின் பயத்தைவிடப் பெரிய வழக்கு அங்கேதான் தொடங்கும். உங்கள் வீட்டுக்குப் பாம்பு வேண்டாம்.

கடையில் கண்ணில் படும் மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பச்சோந்தி பார்த்து ரசிக்க மட்டும். தூக்கத் தூக்க நலியும். டோக்கே கெக்கோ கடித்தால் விடாது. பச்சை இகுவானா குட்டியில் இலைபோல் அழகு, வளர்ந்த ஆண் ஒன்றரை மீற்றருக்கு மேல் நீண்டு, இனப்பெருக்கக் காலத்தில் வளர்த்தவரையே வாலால் விளாசும். சிவப்புக் காது ஆமையைப் பலர் பிள்ளைகளுக்கு முதலில் வாங்கிக் கொடுக்கிறார்கள், எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. தூக்கினால் அந்தரத்தில் உதைக்கும், பயத்தில் சிறுநீர் கழிக்கும், தண்ணீர் முழுக்க அழுக்கு, ஆயுளோ பல பத்து வருடங்கள். ரொறன்ரோ நகரச் சட்டம் வளர்ந்தபின் 2 மீற்றரைத் தாண்டும் பல்லிகளையும் 3 மீற்றரைத் தாண்டும் பாம்புகளையும் தடைசெய்கிறது. நான் பரிந்துரைத்த எதுவும் அந்தத் தடைக்குள் வராது. வாடகை வீடென்றால் வீட்டுக்காரரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது வாங்கும் இடம். ஒரே இனத்துக்குள்ளேயே குணம் எவ்வளவோ மாறும். பியர்டட் டிராகன் சாது என்று எல்லோரும் சொல்கிறார்கள், நீங்கள் வாங்கியது கறுத்த தாடியோடு மூலையில் நிற்கும் ஒன்றாக இருக்கலாம். குட்டிகளில் இது தெரியாது, எல்லாக் குட்டியும் படபடக்கும். வளர்ந்ததில் தெரியும். ஆகவே கைவிடப்பட்ட ஊர்வனவற்றைப் பராமரிக்கும் மீட்பு நிலையங்களிலும், வளர்த்து விற்பவர்களிடமும் கேளுங்கள். குட்டியாக வாங்கிச் சலித்துப்போனவர்கள் கொடுத்த டிராகன்கள் அங்கே அடிக்கடி வரும், பல சமயம் தொட்டியோடே. மகளைத் தரையில் உட்காரவைத்து, மடியில் விட்டுப் பாருங்கள். கண் திறந்திருக்க வேண்டும், தலையைத் திருப்பிச் சுற்றுமுற்றும் பார்க்க வேண்டும், நாக்கால் கையைத் தொட்டுப் பார்த்தால் இன்னும் நல்லது. சற்று நேரத்தில் மெல்ல நடக்கத் தொடங்க வேண்டும். ஒரேயடியாகப் பாய்வதும் வேண்டாம், கல்லாகக் கிடப்பதும் வேண்டாம். காட்டில் பிடித்ததா, வளர்ப்பில் பிறந்ததா என்றும் கேளுங்கள். காட்டில் பிடித்தது என்றால் திரும்பி வந்துவிடுங்கள்.

வீட்டுக்கு வந்த முதல் இரண்டு வாரம் தூக்கக் கூடாது. மகளுக்கு இதுதான் பெரிய சோதனை. சாப்பாடு வைக்கலாம், பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்கலாம், குரலும் மணமும் பழகட்டும். பிறகு கையைத் தொட்டிக்குள் சும்மா வைத்திருக்க வேண்டும், அதுவாக வந்து பார்க்கும். அதற்கும் பிறகு 5 நிமிடம், மெல்ல மெல்ல 15 நிமிடம் வரை. குளிர்காலத்தில் நம் வீடு 20, 21 பாகையில்தான் இருக்கும்; வெளியே நெடுநேரம் வைத்திருந்தால் உடம்பு குளிர்ந்து செரிமானம் நின்றுபோகும். நிறையச் சாப்பிட்ட உடனும், தோல் உரிக்கும் நாட்களிலும் விட்டுவிடுங்கள். வளர்ந்த டிராகன்கள் சில, குளிர்காலத்தில் வாரக் கணக்கில் தூங்கும். முதல் முறை அப்படி நடந்தால் ஊர்வன பார்க்கும் மிருக வைத்தியரிடம் காட்டி, நோய் அல்ல என்று உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். எடுத்து விளையாடுவதற்காக எழுப்ப வேண்டாம்.

சரி, மகன். ஆரோக்கியமான ஊர்வனவும் சல்மொனெல்லா கிருமியைக் குடலில் சுமந்திருக்கும், தோலிலும் தொட்டியிலும் அது ஒட்டியிருக்கும். 10 வயதுப் பிள்ளை சவர்க்காரம் போட்டுக் கைகழுவினால் பெரும்பாலும் தீர்ந்தது. ஆனால் 5 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்கும் 65 வயதைத் தாண்டியவர்களுக்கும் இந்தத் தொற்று கடுமையாகலாம் என்பதால், அவர்கள் இருக்கும் வீட்டுக்கு வேறு விலங்கைத் தேடச் சொல்வது பொதுச் சுகாதாரத் துறைகளின் வழக்கமான அறிவுரை. 3 வயதுப் பிள்ளை கையில் பட்டதையெல்லாம் வாயில் வைக்கும். அதனால் மகன் 5 வயதைத் தாண்டும்வரை பொறுங்கள் என்பதுதான் என் கருத்து. அதற்குள் மகளுக்கு 12 வயதாகிவிடும், தொட்டி துப்புரவும் அவளே பார்ப்பாள். அம்மா 65 ஐத் தாண்டியவர் என்றால், அவருடைய வைத்தியரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

பொறுக்க முடியாது என்றால் நிபந்தனைகள் கடுமையாக இருக்கட்டும். தொட்டி மகளின் அறையில், கதவு பூட்டி, மகன் உள்ளே போகாதபடி. வரவேற்பறையில் டிராகனை ஓடவிட வேண்டாம். தண்ணீர்க் கிண்ணத்தையும் கற்களையும் குசினித் தொட்டியில் கழுவக் கூடாது. அதற்கென ஒரு வாளி வைத்து, அழுக்குத் தண்ணீரைக் கழிவறையில் ஊற்றுங்கள். முத்தம் கொடுப்பது கிடையாது. டிராகனைத் தொட்ட கையைக் கழுவாமல் தம்பியைத் தூக்கினால் அந்த வாரம் முழுக்க டிராகன் வெளியே வராது என்று மகளிடம் இப்போதே பேசி வைத்துவிடுங்கள்.